காபி சரியில்லை, நாளைக்கு வாங்க

இன்று காலைவரை என் காரின் டிக்கியில் ஒரு தகரப் பலகை கிடந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம். மேல் விளிம்பில் இரண்டு ஓட்டைகள், அவற்றில் கோத்த கட்டுக்கம்பி. ஒரு பக்கம் மஞ்சள் பெயிண்டில் ‘பாவு சரியில்லை. தறி ஓடாது’ என்று இருக்கும். மறுபக்கம் நீலப் பெயிண்டில் ‘காபி சரியில்லை. நாளைக்கு வாங்க’ என்று இருக்கும். மஞ்சள் எழுத்து அண்ணியின் அப்பா எழுதியது. நீலம் அண்ணி எழுதியது. ‘நாளைக்கு’ என்பதில் பெயிண்ட் கொஞ்சம் அதிகமாகி, ஒரு சொட்டு வழிந்து அப்படியே காய்ந்துவிட்டது. வண்டி ஏதாவது பள்ளத்தில் இறங்கினால் இந்தப் பலகை ஸ்டெப்னியில் மோதி டங்கென்று ஒரு சத்தம் போடும். பழைய வேட்டியைச் சுற்றி வைத்தால் சத்தம் நின்றுவிடும். மனைவியும் பலமுறை சொல்லிவிட்டாள். நான் சுற்றவில்லை. சத்தம் வரட்டும், எனக்கு அது வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி குமாரபாளையத்துக்காரர். அவருடைய அப்பா எட்டுத் தறி வைத்திருந்தார். தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். கஞ்சி சரியாகப் பிடிக்காத பாவு வந்துவிட்டால் அந்த மனிதர் தறிப்பட்டறை வாசலில் இந்தப் பலகையை மாட்டி, வேலைக்கு வந்தவர்களுக்குப் பாதிக் கூலியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாராம். அதே தெருவில் மற்ற எல்லோரும் அதே பாவை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவரை ஊரே கேலி பேசியிருக்கிறது. என்னைச் ‘சாமி’ என்றே கூப்பிடும் அண்ணி ஒருமுறை சொன்னார்: “கெட்ட பாவையும் ஓட்டிப்போடலாம் சாமி. அறுந்த பக்கமெல்லாம் முடிச்சுப் போட்டுக்கிட்டே போவோணும், அவ்வளவுதான். ஆனா அந்தச் சேலையக் கட்டறவளுக்கு எங்கியோ ஒரு பக்கம் உறுத்திக்கிட்டே இருக்கும். ஏன்னு அவளுக்கே தெரியாது. அடுத்த சேலைக்கு வேற கடைக்குப் போயிருவா.” அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் முடித்து, போர்க் குழாய் இறக்கும் ரிக் லாரிக் கம்பெனி ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கல்யாணமாகி வந்தபோது அண்ணி கொண்டுவந்த சீர்வரிசையில் இந்தப் பலகை கிடையாது. தன் அப்பா போன பிறகு, பட்டறையை விற்றுவிட்டு வரும்போது கையில் எடுத்து வந்தார். அண்ணனும் அண்ணியும் அப்போது சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்புக்கு எதிரில், பத்தடி அகலத்தில் ஒரு காபிக் கடை வைத்திருந்தார்கள். அண்ணன் முன்னால் நிற்பான். அண்ணி உள்ளே பில்டரோடு நிற்பார். அண்ணனுக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டால் எதுவும் காபிதான், வெந்நீரைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்பான். நாக்கு முழுக்க அண்ணியிடம்தான் இருந்தது. காலையில் முதல் டிக்காஷன் இறங்கியதும், கொதித்த பாலில் ஒரு தம்ளர் கலப்பார். சர்க்கரை போடமாட்டார். பால் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. மூன்று மடக்கு. ஒவ்வொரு மடக்குக்கும் முன்னால் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய்ச் சற்று நிறுத்துவார். மூன்றாவது இறங்கியதும் “தொறங்க” என்று ஒரு வார்த்தை வரும். அதன் பிறகுதான் அண்ணன் ஷட்டரைத் தூக்குவான்.

அந்த வார்த்தை வராத நாட்களும் உண்டு. பால் வந்த விதம் பிடிக்காது, அல்லது கொட்டையின் வறுவல் ஒரு சுற்று கூடியிருக்கும், சில சமயம் காரணம் அவருக்கே தெரியாது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பலகையை எடுத்துப்போய் ஷட்டரில் மாட்டிவிடுவார். அன்றைக்குக் கடை இல்லை. “ஏனுங்க, இட்லிக்கு ஊறப்போடட்டுங்களா?” என்று அண்ணனிடம் சாதாரணமாகக் கேட்பார், ஏதோ லீவு கிடைத்த மாதிரி. அண்ணன் தலையில் கையை வைத்துக்கொள்வான். வருடத்துக்கு ஏழெட்டு முறை இது நடக்கும். ரயில்வேக்காரர்கள் வந்து பலகையைப் பார்ப்பார்கள், முனகுவார்கள், “அம்மா இன்னிக்கு மாட்டிப்போட்டுது” என்று எதிரில் வருகிறவர்களுக்கும் சொல்லித் திருப்பிக் கூட்டிப்போவார்கள். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தினமும் முதல் ஆளாக வருவார். பலகை தொங்கும் நாளில் அவர் மட்டும் முனகமாட்டார். சிக்னல் விழவில்லை என்றால் எப்படி நின்றிருப்பாரோ அப்படி ஒரு நிமிடம் நிற்பார். பிறகு, “சரிங்க, நாளைக்கு வாரேன்” என்று பலகையைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும். எங்கள் கடையின் ருசி டிக்காஷனில் பாதி, அந்தப் பலகையில் பாதி இருந்தது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. பலகை தொங்காத நாளில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக் குடிக்கலாம்.

நான் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்ததும் எனக்குக் கை துறுதுறுவென்றது. இவ்வளவு கூட்டம் நிற்கும் கடையை ஒரு கடையாகவே வைத்திருப்பார்களா என்று அண்ணனைக் குடைந்தேன். அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார், ருசி பார்க்காமல் எந்தக் கடையும் திறக்கக் கூடாது. இரண்டாவது கடை பஸ் ஸ்டாண்டு அருகில் வந்தது, மூன்றாவது வந்தது. அண்ணி என் பின்னால் வண்டியில் உட்கார்ந்து விடியற்காலையில் மூன்று கடைக்கும் போய் மூன்று தம்ளர் குடிப்பார். ஏழாவது கடை வந்தபோது ஏழு தம்ளரை ஒரு வயிறு தாங்காது என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஏற்காடு மலை ஏறும் இடத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஒரு கொட்டகை பிடித்தேன். டிக்காஷன் மொத்தமும் அங்கே இறங்கும், வேனில் எல்லாக் கடைக்கும் போகும், அண்ணி அங்கே ஒரு தம்ளர் பார்த்தால் போதும். இந்த யோசனைக்காக என்னை எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அண்ணி மட்டும், “இறக்கின டிக்காசன் வண்டியில ஆடிக்கிட்டே போனா கோவிச்சுக்கும் சாமி” என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். என்மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. மலையடிவாரத்துக் கொட்டகையின் கேட்டிலும் இரண்டு முறை பலகை தொங்கியது. வேன்கள் வரிசையாக நின்றன. அப்போது கேட்க ஆளில்லை, எல்லாம் எங்களுடையது.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து பங்குக்கு ஆட்கள் வந்தார்கள். கடை பன்னிரண்டானது. அதே சமயத்தில்தான் ஊரையே முகத்தைக் கட்டிக்கொண்டு திரியவைத்த அந்தக் காய்ச்சலும் வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்தோம், எல்லோரும் எழுந்தோம். ஊரடங்கு முடிந்து கடைகளை மறுபடி திறந்த முதல் நாள் அண்ணி கொட்டகையில் டிரேயைக் கவிழ்த்து உட்கார்ந்தார். தம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். வழக்கத்தைவிட அதிக நேரம் அங்கேயே வைத்திருந்தார். ஒரு மடக்கு, இன்னொன்று. திரும்பி என்னை மட்டும் கண்ணால் கூப்பிட்டார். நான் குனிந்தேன். “சாமி, எனக்கு ஒண்ணும் தெரியலே” என்றார். சூடு தெரிகிறது, ஈரம் தெரிகிறது, வேறு எதுவும் இல்லை. அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். வேலை செய்கிறவர்களுக்கும் தெரியக் கூடாது. “கொஞ்ச நாள்ல வந்துரும்ங்கறாங்க. அதுவரைக்கும் நீ குடிச்சுச் சொல்லு. நீ சொல்றதுதான்.” அன்றிலிருந்து இரண்டு தம்ளர் கலந்தார்கள். அண்ணி எப்போதும்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூன்று மடக்குக் குடிப்பார். நான் பக்கத்தில் நின்று குடிப்பேன். உதடு அசையாத குரலில், “சரியா இருக்குதா சாமி?” என்பார். “சரியா இருக்குதுங்கண்ணி” என்பேன். அவர் “தொறங்க” என்பார். பார்க்கிறவர்களுக்கு அம்மா ருசி பார்த்துச் சரி சொல்லிவிட்டது போலவே இருக்கும்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் பாலில் அடிப்பிடித்த வாடை இருந்தது. நான் உள்ளதைச் சொன்னேன். அண்ணி எழுந்துபோய் கேட்டில் பலகையை மாட்டினார். பன்னிரண்டு கடையும் மூடிக் கிடந்தன. கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. அண்ணனிடம் மரியாதையாகவும் என்னிடம் மரியாதை இல்லாமலும் பேசினார்கள். ஊரடங்கில் ஏற்கெனவே அடிபட்ட வியாபாரம், இதில் ஒரு பெண்பிள்ளையின் நாக்குக்காகக் கடையை மூடுவீர்களா என்றார்கள். புதுக் கடைகளுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது, ஆட்களை எடுத்துவிட்டிருந்தோம், நான்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றேன். அன்றைக்கு முடிவு செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மறுநாள் காலை அவர் கேட்டார், நான் சரி என்றேன், அன்றைக்கு உண்மையிலேயே சரியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் சரி என்றேன். அதற்குப் பிறகு எங்கள் காபி ஒரு நாள்கூடக் கெட்டுப்போகவில்லை.

துணிச்சல் வந்துவிட்டால் பிறகு நிற்காது. இரண்டு ஊர்ப் பண்ணைகளிலிருந்து வந்த பாலை நிறுத்திவிட்டுப் பாக்கெட் பாலுக்கு மாறினேன். கொட்டை வாங்கி வறுப்பதை விட்டுவிட்டு அரைத்த தூளாகவே வாங்கினேன், அதில் சிக்கரி ஒரு பங்கு ஏறியது, பிறகு இன்னொரு பங்கு ஏறியது. ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்தான். நேற்றுக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒவ்வொரு காலையும் அவர் கேட்டார், ஒவ்வொரு காலையும் நான் அதே பதிலைச் சொன்னேன். ஒரு முறை டிக்காஷன் இறக்கும் மாஸ்டர் என்னிடம் தயங்கித் தயங்கி, “பழையபடி இல்லைங்களேண்ணா” என்றார். “அம்மாவே குடிச்சுட்டுச் சொல்லியாச்சு” என்றேன். அவர் உடனே அடங்கிவிட்டார். இவ்வளவு சொல்லிவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான். அண்ணி ருசி பார்த்துச் சேர்த்த பெயரை எடுத்து, அண்ணிக்கே தெரியாமல், கெட்டுப்போன காபியை அதைப் போட்டு மூடினேன்.

யாரும் குறை சொல்லவில்லை. எல்லாக் கடையிலும் கருத்துப் புத்தகம் வைத்திருந்தோம், ‘சூப்பர்’ என்றுதான் எழுதினார்கள். பெரிதாக வளரும் காபிக் கடைகள் எப்படிச் சப்பென்று ஆகின்றன என்று இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். மிஷின் என்கிறார்கள், பேராசை என்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் பக்கத்து மனிதர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள். சங்கடப்படுவார்கள். காசைக் கொடுத்துக் குடித்துவிட்டு, “நல்லாருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நாற்காலியில் பழைய ருசி தெரியாத ஒருவர் வந்து உட்காருவார். நாற்காலி காலியாக இல்லாததால் நமக்கும் உறைக்காது. சூரமங்கலத்துக் கார்டு பெரியவர் வருவதில்லை என்பதையே நான் பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன். ஒரு நாள் ஜங்ஷன் பக்கம் சைக்கிளில் கேன் வைத்து விற்பவரிடம் அவர் நின்றிருந்தார். வண்டியை நிறுத்தி, “ஏனுங்க ஐயா, கடைப் பக்கமே காணோம்?” என்றேன். “உடம்புக்கு ஆகறதில்லீங் தம்பி, காபியையே உட்டுட்டேன்” என்றார். கையில் காபி கிளாஸை வைத்துக்கொண்டே சொன்னார். அதை மறைக்கவும் தோன்றவில்லை அவருக்கு. நானும் பார்க்காத மாதிரியே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைகளுக்கு ஒரே மாதிரித் தோற்றம் வேண்டும் என்று கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு டிசைனரைப் பிடித்தார்கள். கொட்டகை மூலையில் கிடந்த பலகையைப் பார்த்து அந்தப் பையனுக்குக் கண் விரிந்துவிட்டது. எங்கள் கதை இதில்தான் இருக்கிறது என்றான். நீலப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து, வழிந்த சொட்டு உட்பட அச்சடித்து, கண்ணாடி போட்டு, சுற்றிலும் சின்ன விளக்குகள் வைத்து, ஒவ்வொரு கடையிலும் சுவரில் மாட்டினார்கள். பிள்ளைகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அசல் பலகையை என்னிடம் திருப்பிக் கொடுத்தான், நான் டிக்கியில் போட்டேன்.

ஒன்றரை வருடம் போயிருக்கும். திருச்செங்கோட்டில் புதுக் கடை திறப்பு. அண்ணி பட்டுச்சேலையில் வந்து விளக்கேற்றினார். ஐயர் கற்பூரத்தட்டை நீட்டினார். ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டிய அண்ணி அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, சின்னப் பிள்ளை மாதிரி, “சாமி, கற்பூரம் வாசம் வருது சாமி!” என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பூ வாசம் வருகிறது, உன் சட்டையில் சோப்பு வாசம் வருகிறது என்று ஒவ்வொன்றாக முகர்ந்து முகர்ந்து சொன்னார். ஒன்றரை வருடமாக நான் சாமியிடம் வேண்டிக்கொண்டிருக்க வேண்டிய நிமிடம் அது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, பயம் மட்டும்தான். “ஒரு காபி குடு” என்றார். முதலில் டிபன் சாப்பிடுங்கள் அண்ணி என்றேன். மாத்திரை போட்டீர்களா என்றேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. டிரே இல்லாததால் பளபளப்பான ஸ்டூல் ஒன்றில், பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

மூக்கருகே கொண்டுபோனார். முதல் மடக்கு. இரண்டாவது மடக்குக்கு முன்னால் நெற்றி சுருங்கியது. மூன்றாவதையும் குடித்தார். அது அவருடைய முறை, எப்படி இருந்தாலும் மூன்று. கப்பைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமலே, “எத்தனை நாளா சாமி?” என்றார். நான் அந்தக் கப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் விளக்குகளுக்கு நடுவில் தன் கையெழுத்தைப் பார்த்தார். எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார். “இதைத்தான் தெனமும் மாட்டியே வெச்சிருக்கறீங்களே. அப்பறம் கடைய எதுக்கு சாமி தொறக்கறீங்க?” என்றார். அதில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அண்ணனிடம் அவர் எதையும் சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கொட்டகைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார், முட்டி வலி என்று காரணம் சொன்னார். ஒரே வீட்டில்தான் இருந்தோம். காலையில் எனக்கும் காபி வைப்பார். அந்தக் காபி பழையபடி இருந்தது. முன்பெல்லாம் தம்ளரைக் கொடுத்துவிட்டு, நான் ஒரு வாய் குடிக்கும்வரை நின்று, “சரியா இருக்குதா?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். இப்போது வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கவே இல்லை. நான் சொல்கிற பதிலுக்கு மதிப்பில்லை என்று தெரிந்தபின் எதற்குக் கேட்க வேண்டும்? அடுத்த வருடம் மார்கழியில், பால் அடுப்பில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. எத்தனை நாள் என்ற கணக்கை நான் அவருக்குச் சொல்லாமலே போய்விட்டது. அவர் போன பிறகு அந்தக் கேள்வி திரும்பி வந்துவிட்டது. எங்கே எந்தக் காபியை வாயருகே கொண்டுபோனாலும் பக்கத்தில் உதடு அசையாமல் அந்தக் குரல் கேட்கிறது. டாக்டரிடம் சொன்னேன், காபியைக் குறையுங்கள் என்றார்.

இன்று அண்ணியின் திதி. வீட்டில் படையல் முடிந்ததும் சூரமங்கலம் போனேன். பத்தடிக் கடை இப்போது முப்பதடி. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, பெயர் தைத்த தொப்பி போட்ட ஒரு பெண். சர்க்கரை இல்லாமல் ஒரு காபி கேட்டேன். காகிதக் கப்பில் கொடுத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து மூன்று மடக்குக் குடித்தேன். குரல் கேட்டது. “சரியில்லீங்கண்ணி” என்று வாய்விட்டுச் சொன்னேன். தொப்பி போட்ட பெண், “சார், ஏதாச்சும் வேணுங்களா?” என்றாள். நான் எழுந்து காருக்குப் போய், டிக்கியைத் திறந்து, பலகையை எடுத்துவந்து, கட்டுக்கம்பியை நிமிர்த்திக் கண்ணாடிக் கதவின் கைப்பிடியில் மாட்டினேன். மேனேஜர் பையன் ஓடிவந்து, “சார், உள்ளயே ஒண்ணு இருக்குதுங்களே” என்றான். நான் கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினேன். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் வந்தார்கள். பலகையைப் பார்த்துச் சிரித்தார்கள், அதோடு நின்று படம் எடுத்தார்கள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் காபி வாங்கினார்கள். பலகை கண்ணாடியில் மோதி டங்கென்றது.

அப்போதுதான் அந்தக் கார்டு பெரியவர் எதிர் வரிசையில் பால் பாக்கெட் பையோடு வந்துகொண்டிருந்தார். இப்போது ஊன்றுகோல் வந்துவிட்டது. பாதித் தூரத்தில் நின்றார். ரோட்டைத் தாண்டிக் கிட்டே வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வழிந்த சொட்டு வரைக்கும் முழுதாகப் படித்தார். உள்ளே நிறையப் பேர் குடித்துக்கொண்டிருப்பது அவருக்கும் தெரிந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார்.

“சரிங்க, நாளைக்கு வாரேன்” என்றார்.

கோலை ஊன்றி ஊன்றித் திரும்பிப் போனார். ஆயுள் முழுக்க ரயிலோடு ஓடிய மனிதர், சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். நாளைக்குக் காலையில் பழைய காபியைக் குடிக்க முதல் ஆளாக வருவார். அதை நினைத்தால்தான் எனக்கு உதறல் எடுக்கிறது.